பள்ளத்தில் தேங்கும் காற்று

நவம்பர் 3

கிழங்குச் செடிகளில் தழை மஞ்சளடித்துவிட்டது. பத்து நாளில் தோண்டலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். கீழ்ப்பள்ளத்து வயலில் ஏழு சிட்டுகள் செத்துக் கிடந்தன. காயம் எதுவும் இல்லை. ஓர் எறும்புகூட மொய்க்கவில்லை.

நவம்பர் 5

இன்று அதே இடத்தில் ஒரு மரநாய். தூங்குவதுபோலச் சுருண்டு கிடந்தது.

நவம்பர் 6

மலைக் கண்காணிப்பு நிலையத்து சூரிப் வீடு வீடாக வந்தார். "நம்ம டியெங் ஊரே பழைய எரிமலையோட வாய்க்குள்ளதான் உட்கார்ந்திருக்கு. அடியில பாறை உருகிக் கொதிக்குது. அதுலேர்ந்து பிரியிற காத்து வெடிப்பு வழியா மேல வருது. சோடாவுல இருக்குமே, அதே காத்துதான். வாசனை கிடையாது. கனம் ஜாஸ்தி, தண்ணி மாதிரி பள்ளத்துல தேங்கிடும். பனி மூடி, காத்து அசையாத நாள்ல கீழ எறங்காதீங்க. யாராவது விழுந்தாலும் தூக்கப் போகாதீங்க."

அவர் தலை மறைந்ததும் இவர் சிரித்தார். "மலை விடுற மூச்சுல ஆள் சாவுமா? நான் வெங்காயம் தின்னுட்டு விடுற மூச்சுக்கு நீ எப்பவோ போயிருக்கணுமே, துரியா!"

கொழுந்தன் ரொஹ்மத்தும் அவன் மனைவி ஙாத்தினியும் சேர்ந்து சிரித்தார்கள். நானும்தான்.

நவம்பர் 8

விடிந்ததும் சிம்னி விளக்கோடு தனியாகப் போனேன். வரப்பில் நின்றபடி விளக்கைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினேன். முழங்கால் உயரம் இருக்கும்போது அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். அதே இடத்தில் அணைந்தது. புகை மேலே எழவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தரையின்மேல் படுத்து, மெல்லப் பரவியது. அந்தத் தரைக்குக் கீழே எங்கள் செடிகள் பச்சையும் மஞ்சளுமாக, அசையாமல்.

இவரிடம் சொன்னேன். "விளக்குல எண்ணெய் இருந்துச்சா?" என்றார்.

நவம்பர் 11

—

நவம்பர் 15

எழுதிவிட வேண்டும்.

பதினொன்றாம் தேதி பனி. அண்ணனும் தம்பியும் ஆறு மணிக்கே தோண்டப் போய்விட்டார்கள். நான் அப்போது மாட்டுக்கொட்டிலில் இருந்தேன். தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? ஒன்பது மணிக்கு நானும் ஙாத்தினியும் சோறு கொண்டு போனோம். இவர் கூடைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தார். மேட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ரொஹ்மத்தும் அப்போதுதான் பார்த்தான். "அண்ணே!" என்று கத்திக்கொண்டு இறங்கினான். வேண்டாம் என்று அலறினேன். குனிந்து அவர் அக்குளில் கைகொடுத்தான். அப்படியே உட்கார்ந்தான். அவ்வளவுதான். சத்தமே இல்லை.

ஙாத்தினி சோற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். விடல. நிலையத்துலேர்ந்து முகமூடி போட்டுக்கிட்டு ஆளுங்க வர்ற வரைக்கும் விடல. இருபது தப்படி தூரம். இருபதே தப்படி! என் புருஷன் அங்க கிடக்கறார், நான் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். தெரிஞ்சு வச்சிருந்தேனே, அதனாலதான் நின்னேன். தெரியாம இருந்திருந்தா ஓடியிருப்பேன். ஓடியிருந்தா—

நவம்பர் 18

ஏழாம் நாள் ஓதல். பெண்கள் எல்லோரும் இருக்கும்போதே ஙாத்தினி சொன்னாள்: "இவ புருஷன் சாவறத நின்னு பார்த்தவ. என்னையும் பார்க்க வச்சா."



டிசம்பர் 20

கட்டிலுக்கு அடியில் கல் வைத்து உயர்த்திக்கொண்டேன். படுத்தால் கை தொங்குகிறது. இழுத்து மேலே வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 29

சந்தையில் ஙாத்தினி என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

மார்ச் 7

காலையில் கெட்டியான பனி. அடுப்படிக் கதவருகே ஙாத்தினி நின்றாள். நனைந்திருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் தேநீரை முன்னால் வைத்தேன், எடுக்கவில்லை.

"என் ஆடு அத்துக்கிட்டுப் பள்ளத்துல எறங்கிடுச்சு. அவர் வாங்கிக் குடுத்த ஆடு. ரெண்டு தரம் கத்துச்சு. என்னைப் பார்த்துத்தான் கத்துச்சு."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன்.

"வரப்பு வரைக்கும் ஓடினேன். முடியப் பிடிக்க அங்க யாருமில்ல." தன் பாதங்களைப் பார்த்தாள். "நின்னுட்டேன், அக்கா. அது அடங்குற வரைக்கும் நின்னுட்டேன்."

தேநீர் ஆறிவிட்டது. வேறு ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.