எஞ்சின் அறைக்கு வந்த மணி

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மின்சார நிலையத்தின் எஞ்சின் அறையில், தீயணைக்கக் கரியமில வாயு உருளைகள் வைத்துவிட்டார்களாம். தீப்பிடித்தால் முதலில் மணி அடிக்கும். எல்லோரும் வெளியே ஓடிவிட வேண்டும். பிறகு வாயு அறையை நிறைத்துத் தீயை அணைத்துவிடும். உள்ளே நிற்பவரின் மூச்சையும்தான்.

எஞ்சின் இரைச்சலில் இவர் காது அநேகமாகப் போய்விட்டது. வாயசைவைப் பார்த்தே சமாளிக்கிறார்.

“எஞ்சினீயர்கிட்ட சொல்லிருங்க” என்றேன்.

“சொன்னா சோலி போவும், கேட்டியா? உன் ஏச்சே கேக்குது, மணி கேக்காதா?”

காது போனதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் என்னிடம் முன்பே சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் எப்படி மீறுவேன்?

இன்று சாயங்காலம் வீட்டுப் பூசையில் அவர் கண்மூடிக் கும்பிட்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்று, கை வலிக்கும் மட்டும் மணி அடித்தேன். நான் நிறுத்திய பின் வெகுநேரம் கழித்தே அவர் திரும்பினார்.

“என்ன புள்ள, இன்னும் மணி அடிக்கலியா?”

“இந்தா அடிக்கேன்” என்று முன்னால் வந்து மறுபடி அடித்தேன். மணியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளையாரே, சத்தியத்துக்குச் சாட்சி நீர்தான். அங்கே மணி அடித்தால், அவர் தோளைத் தொட நீர்தான் போக வேண்டும்.