சுவாமியின் கைக்குப் போன சிவப்புக் குருத்து

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மகன் ரெனால்டுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் யாருடைய சொல்லையும் கேட்பதில்லை. நீயும் மருமகள் நிலூஷாவும் மெல்பேர்ணில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர் என்பதால் உன்னுடைய விஷயத்தையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறேன். போனில் எழுதாமல் இவள் ஏன் பேனாவைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். போனில் நான் எதை எழுதினாலும் நீ ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய், கடிதத்துக்கு விரல் காட்ட முடியாது, வாசித்துத்தான் ஆக வேண்டும். அதோடு ஈஸ்டர் முடிந்த நாளிலிருந்து நீ "போட்டோ எங்கே, போட்டோ எங்கே" என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கிறார். அதற்கான பதில் கொஞ்சம் பெரிய கதை, ஆறுதலாக இருந்து வாசி.

நீ பிளேன் ஏறுவதற்கு முதல் கிழமை பத்தரமுல்லைப் பக்கம் போய் வாங்கி வந்து முன் வளவில் நட்டாயே, அந்த மரத்தின் கதைதான். அதற்கு நீ ஒரு லத்தீன் பெயர் சொன்னாய், என் அம்மா கண்ட லத்தீன் பூசையில்கூட அப்படி ஒரு சொல் வந்திருக்காது. பனை வகைதான், ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொரு ஓலையும் செக்கச்செவேல் என்று விரியும், பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே நின்றுவிட்டுத்தான் பச்சைக்கு மாறும் என்று விளக்கினாய். முதல் சிவப்புக் குருத்து விரிகிற அன்றைக்கு நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன் அப்பா என்று சொன்னதும் நீதான், உன் அப்பா அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார். அவர் அப்படியான ஆள், அரசாங்கம் சொல்வதையே நம்புகிறவர், பெற்ற பிள்ளை சொன்னால் விடுவாரா. ஆனால் மரம் உன்னை மாதிரியே, சொன்ன நேரத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. வந்த ஓலை எல்லாம் பச்சை, மிஞ்சிப் போனால் பழைய செங்கல் போல ஒரு மங்கல். சின்னக் கன்றில் அப்படித்தான், நிழல் வேண்டும், தண்ணீர் காயக் கூடாது என்று நீ அங்கேயிருந்து குரல் பதிவு அனுப்பினாய். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது ஒரு சிவப்பு இதயப் படம்தான் வந்தது, மரத்துக்கு வெள்ளைப் பூச்சி என்றதும் ஒரு பிரசங்கமே வந்தது. அப்பா அதை நற்செய்தி வாசகம் போலத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அரிசி கழுவின தண்ணீர் மரத்துக்கு, மீன் கழுவின தண்ணீர் மரத்துக்கு, மத்தியான வெயிலுக்கு நாலு கம்பு நட்டு மேலே நிலம் தொட என்னுடைய பூப்போட்ட நைட்டி. ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாம் கிளறன்ஸ் வீட்டு வாசலில் யாருக்கோ கூடாரம் அடித்திருக்கிறது என்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

நம் எதிர்வீட்டு ஹியூபேட் அங்கிளைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்த நாளிலிருந்து தன் வீட்டுக் குரோட்டன் பூந்தொட்டிகளுக்கு மேலதிகாரியாக இருக்கிறார். அவர் முதல் நாளே மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது சுத்தமான பாக்கு, பத்தரமுல்லைக்காரன் உம்மடை மகனை நல்லாச் சுத்திப் போட்டான் என்று சொல்லிவிட்டார். அன்று தொடக்கம் ஒழுங்கை முழுக்க அதற்கு ரெனால்டின் பாக்கு என்றுதான் பெயர். மீன்காரன்கூடச் சைக்கிளை நிறுத்திவிட்டு, பாக்கு காய்ச்சிட்டுதா நோனா என்று கேட்பான். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். பாரும், சிவப்பா வரும், வரேக்கை என் மகனும் வருவான் என்பார். இரண்டையும் சேர்த்தே சொல்வார். நான் சிரிப்பேன். பாக்கு காய்த்தால் ஒரு வெற்றிலைக் கடையாவது போடலாம், மகனை நம்பி என்ன கடை போடுவது என்பேன். அவர் கோபிக்க மாட்டார், போய் நைட்டியைச் சரிபண்ணுவார்.

இந்தத் தவக்காலத்தில் மரம் மனம் வைத்தது. நடுவிலிருந்து ஈட்டி மாதிரி ஒரு குருத்து நீண்டு வந்து, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின கிழமை விரியத் தொடங்கியது. மகன், நான் கேலிக்காரி என்று உனக்குத் தெரியும், ஆனால் பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு சிவப்பை நான் மரத்தில் கண்டதில்லை. விடிய வாசலைத் திறந்தவள் பால் பக்கற்றை எடுக்க மறந்து அப்படியே நின்றேன். அப்பா தவக்காலத்துக்குச் சாராயத்தை விட்டிருந்தார், பெருமை அடிப்பதை விடவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். தபால்காரன், காஸ் கொண்டு வந்தவன், மீற்றர் பார்க்க வந்த பெடியன், ஒருவரையும் விடவில்லை. ஹியூபேட் அங்கிள் மட்டும், பாக்கைப் பாக்க எனக்கு நேரமில்லை என்று தன் வாசலைத் தாண்டி வரவில்லை. தேங்காய் பறிக்க முகத்துவாரத்திலிருந்து வருகிற செல்லையாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, நைட்டியைத் தூக்கிக் காட்டி, இதுதான் குருத்து, கொழும்பு முழுக்கத் தேடினாலும் இதைப்போல நல்ல குருத்து இல்லை என்று பாடம் நடத்தினார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும். உனக்கும் அன்று இரவே கோல் எடுத்து, குருத்து வந்திட்டுது, டிக்கட்டைப் பார் என்றார். நீ என்ன சொன்னாய்? முதலில் ஒரு போட்டோ அனுப்புங்கோ, பார்த்துவிட்டு வருகிறேன் என்றாய். வந்து பார்க்கிறேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அப்பா போனை வைத்துவிட்டுப் போய் நைட்டியை இழுத்துக் கட்டினார். பிறகு, ஒருத்தரும் போட்டோ எடுக்கப்படாது, போட்டோவிலை பாத்தா அவனுக்கு அது காணும், பிறகு வரமாட்டான் என்று சட்டம் போட்டார்.

இனி நடந்ததைக் கேள். வருஷா வருஷம் கோயிலுக்குக் குருத்தோலை சேர்க்கிற கமிட்டிக்கு அப்பாதான் தலைவர், நம் பின் வளவுத் தென்னையிலிருந்தும் கொஞ்சம் போகும். சனிக்கிழமை அவர் கோயில் மண்டபத்தில் கூட்டம், நான் மீன் சந்தையில். செல்லையா வந்து நின்று போன் எடுத்திருக்கிறான். அப்பா நாலு பேருக்கு முன்னால் தலைவர் குரலில், கோயிலுக்கு வழக்கம்போலத் தென்னங்குருத்து வெட்டும், பூசை வைக்கிற சுவாமியின் கைக்கு மட்டும் எங்கள் வளவில் இருக்கிறதிலேயே நல்ல குருத்தாகப் பார்த்து ஒன்று தனியாக வெட்டிக் கொடுத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். செல்லையா மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல குருத்து எது என்று மூன்று நாளைக்கு முன்தான் இந்த மனுஷன் அவனுக்குப் படிப்பித்தார். அவன் தென்னையில் ஏறி வெட்ட வேண்டியதை வெட்டி, இறங்கி வந்து முன் வளவில் வெட்ட வேண்டியதையும் வெட்டி, ஒழுங்கான ஆள் என்றபடியால் நைட்டியைத் திரும்ப விரித்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் வந்து பார்த்தோம், கூடாரம் நிற்கிறது, உள்ளே குருத்து நித்திரை என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போனோம்.

ஞாயிறு காலை பவனி. சுவாமி சிவப்புப் போர்வை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார், கையில் அதே சிவப்பில் ஒரு ஓலை. சனம் முழுக்க ஓசன்னா பாடுவதை விட்டுவிட்டு ஓலையைப் பார்த்தது. உன் அப்பாவின் முகம் எப்படிப் போனது தெரியுமா, பொறாமையில் கறுத்துவிட்டது. என் காதுக்குள், ஆர்டை வளவிலையோ எங்கடையிலும் வடிவான குருத்து ஒண்டு வந்திருக்கு றோஸி என்றார். சொந்த மரத்தின் பெருமையை ஊர் முழுக்க விற்றுத் திரிந்தவருக்கு அது நைட்டிக்கு வெளியே வந்ததும் அடையாளம் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதை இங்கே எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பூசை முடிந்து வெளியே வந்தால் ஹியூபேட் அங்கிள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் நேராக வந்தார். பாத்தீரா கிளறன்ஸ், உதுதான் அசல் சிவப்புக் குருத்து, உம்மடை மகன் வாங்கினது பாக்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார், பாவம்.

வீட்டுக்கு வந்து நைட்டியைத் தூக்கினால் உள்ளே வெட்டுப்பட்ட காம்புதான் நிற்கிறது. நான் வாயில் வந்ததை எல்லாம் சொல்லலாம் என்று ஆயத்தமானேன், இத்தனை வருஷம் அவரைக் கேலி பண்ணின எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் அவர் சத்தம் போடவில்லை, செல்லையாவைத் திட்டவில்லை, அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, "இனி அவன் என்னத்தைப் பாக்க வருவான் றோஸி" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை மகன், உன் மேல்தான் ஆத்திரம் வந்தது. எங்களைப் பார்க்க வரலாம் என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. தன்னைப் பார்க்கப் பிள்ளை வருவான் என்ற எண்ணம் விட்டுப்போய், ஒரு ஓலையைக் காட்டியாவது உன்னை இங்கே இழுக்கலாம் என்றுதான் இவ்வளவு காலம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். 

அழுதுகொண்டு இருக்கிற ஆள் நான் இல்லையே. திங்கட்கிழமை கோயிலுக்குப் போய், பீடத்துக்கு முன்னால் வைத்திருந்த ஓலையைச் சுவாமியிடம் இரவல் கேட்டு வாங்கி, குடை மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையின் நடுவால் நடந்து வந்தேன். ஹியூபேட் அங்கிளைக் குரோட்டனுக்குள்ளிருந்து வெளியே கூப்பிட்டு, அவர் கண்ணுக்கு முன்னால் ஓலையின் அடியை நம் மரத்தின் காம்போடு பொருத்திக் காட்டினேன். போத்தலுக்கு மூடி போலப் பொருந்தியது. ஒன்றைச் சொல்வதற்கு முதல் அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார், இவ்வளவு வருஷத்தில் நான் கண்ட பெரிய புதுமை அதுதான். பிறகு மெல்ல, ஓ இது பாக்கு இல்லைத்தான், எண்டாலும் ஒரு ஓலைதானே என்றார். அந்த நேரம் பார்த்துச் செல்லையாவும் வந்து சேர்ந்தான். சுவாமியே கேட்டவர் ஐயா, எந்த வளவுக் குருத்து எண்டு, நான் உங்கடை பேரைச் சொன்னனான் என்று முகமெல்லாம் பல்லாக நின்றான். அப்பா அவனுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லி, நல்லாச் செய்தீர் என்று முதுகில் தட்டினார். அதுதான் உன் அப்பா. நீ அவருடைய மூக்கை மட்டும் கொண்டு போயிருக்கிறாய்.

ஓலையைச் சொன்னபடி கோயிலில் திருப்பிக் கொடுத்தேன், ஒரு இதழை மட்டும் கேட்டு எடுத்துக் குருசு பின்னித் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் சொருகியிருக்கிறேன். இப்போது காய்ந்து மற்றக் குருசுகளைப் போலத்தான் இருக்கிறது, சிவப்பு என்று நான் சொன்னால்தான் தெரியும். உனக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன், ஓலையும் இலையும் உங்கள் நாட்டுக்குள் விடமாட்டார்களாம். நல்ல நாடு, பிள்ளைகளை மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. போட்டோவைப் பற்றிக் கேட்டாயல்லவா, ஒன்று இருக்கிறது. அப்பா குளிக்கப் போன நேரம் நான் களவாக எடுத்தேன், என் போனில் பத்திரமாக இருக்கிறது, சிவப்பும் அப்படியே விழுந்திருக்கிறது. அனுப்ப மாட்டேன். கலியாணம் கட்டின காலத்திலிருந்து இந்த ஒரு விஷயத்தில்தான் உன் அப்பா சொன்னது சரி. நிலூஷாவைக் கொண்டு கேட்பித்துப் பார்க்க வேண்டாம், அவள் கேட்டாலும் இல்லை.

மரம் சாகவில்லை. வெட்டின காம்புக்குப் பக்கத்தில் அடுத்த குருத்து விரல் நீளம் வெளியே வந்திருக்கிறது. அப்பா சுற்றிக் கம்பிவேலி அடித்துப் பூட்டுப் போட்டிருக்கிறார், திறப்பு செபமாலையோடு அவர் கழுத்தில் தொங்குகிறது, எனக்கும் தருவதில்லை. டிசம்பரில் நத்தார் மட்டில் விரியும் என்று கணக்குச் சொல்கிறார். மீன்காரனிடமும் சொல்லிவிட்டார், சிவப்பா வரும் என்று. வரேக்கை என் மகனும் வருவான் என்ற பாதியை இப்போது சொல்வதில்லை. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். அந்த ஓலை சிவப்பாக நிற்பதும் பத்துப் பன்னிரண்டு நாள், நீ லீவு எடுப்பதும் பத்துப் பன்னிரண்டு நாள், இரண்டையும் பொருத்திக்கொள்ள உனக்குப் படிப்புக் காணும். வரும்போது சொக்லட்டும் சோப்பும் சுமந்து வராதே, அதெல்லாம் இங்கே புறக்கோட்டையில் குவிந்து கிடக்கிறது. நிலூஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும்.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் ஆசீர்வதித்துக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடு, கோயிலுக்குப் போ. கடைசியாக ஒன்று. படத்துக்குப் பின்னால் இருக்கிற குருசை அடுத்த விபூதிப் புதனுக்கு முதல் கோயிலில் கொடுத்துவிட வேண்டும், எல்லார் வீட்டுக் குருத்தையும் சேர்த்து எரித்துத்தான் அன்றைக்கு நெற்றியில் பூசுகிற சாம்பல் எடுப்பார்கள், அது உனக்கும் தெரியும். அதற்கு முதல் வந்தாயானால் அடுத்த குருத்தின் சிவப்பை உன் கண்ணால் பார்ப்பாய். வராவிட்டால் நீ நட்ட மரத்தின் முதல் சிவப்பு அன்றைக்கு உன் அப்பாவின் நெற்றியில் கறுப்பாக இருக்கும். அதையும் நான் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்தபடி இருக்கும் உன் அம்மா,
றோஸி கிளறன்ஸ்.