ஒன்றாம் எண் லேபிள்

ஜூலை 7, திங்கள்

ஹைதராபாத்தில் காலையிலிருந்து தூறல். போலாரத்திலிருந்து ஜீடிமெட்லா ஆலை வரை ஸ்கூட்டரில் நனைந்தே போனேன். ரெயின்கோட்டை மகள் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள். கேட்டால், "யூ நெவர் வேர் இட், அம்மா" என்கிறாள். உண்மைதான்.

புது லேபிள் சோதனை இன்று தொடக்கம். நாற்பது டிரம், நாற்பது லேபிள். ஒவ்வொன்றிலும் ஒரு சிப், அதற்கென்று தனி எண். ஒரே எண்ணை மெஷின் இரண்டாம் முறை அச்சடிக்காது. பக்கத்தில் போனைக் காட்டினால் லேபிள் பேசும்: உள்ளே என்ன, எப்படித் தொட வேண்டும். பேசுவது, லேபிள் ஒட்டும் யாதம்மாவின் குரல். மெஷினோடு வந்த குரல் டி.வி. செய்தி மாதிரி. அதை எவர் கேட்பார்?

எல்லாம் மல்லேஷுக்காக. போன வருடம் லேபிள் மாறி ஒட்டிய ஆசிட் டிரம்மைத் திறந்து வலது கை வெந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. லேபிள் சரியாகவே இருந்திருந்தாலும் இவருக்கு என்ன பயன் என்று அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தோன்றியது. இன்னும் விடவில்லை அது.

வெள்ளியன்று முதலாளி வருகிறார். நாற்பதும் கேட் ஸ்கேனரில் பதிவானால் ஆலை முழுக்க இதே லேபிள். இல்லாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும்.

வாங்க: இட்லி அரிசி, பிரேக் ஒயர், இன்னொரு ரெயின்கோட்.

ஜூலை 8, செவ்வாய்

முப்பத்தொன்பது. மூன்று முறை ஓட்டியும் முப்பத்தொன்பது. ஒன்றாம் எண் வரவில்லை என்கிறது கேட். டிரம்களை எண்ணினால் நாற்பது. சாஃப்ட்வேர் ஆளைப் போனில் கிழி கிழியென்று கிழித்தேன். "செக் பண்றேன் மேடம்." பாவம்.

ஜி.எம். (கோவைக்காரர்): "பழைய ஸ்டிக்கருக்கு என்ன கொறைச்சலுங்க மேடம்?"

மல்லேஷ் கேட்டுக்கொண்டே நின்றார். அதுதான் சுட்டது.

ரெயின்கோட் வாங்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டது. தெருவில் போனாலு, அம்மன் திருவிழா மேளம். பாதிப் பேர் லீவு.

டிரம்களை ஒவ்வொன்றாக நானே பார்த்தேன். கடைசி டிரம்மில் பழைய ஸ்டிக்கர்! யாதம்மாவைக் கேட்டேன். ரோலில் ஒரு லேபிள் குறைந்ததாம், கையிலிருந்த பழையதை ஒட்டினாராம். அப்படியானால் ஒன்றாம் எண்? ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போனார். அம்மன் படத்தின் சட்டத்தில், மஞ்சள் குங்குமத்தோடு, ஒன்றாம் எண்.

"மொதட்டிதி அம்மவாரிக்கே கதா மேடம்."

முதலாவது அம்மனுக்குத்தானே. புது ரோல் பிரித்தால் இப்படித்தான், பதினான்கு வருடமாக. பழைய லேபிள் எல்லாம் ஒரே மாதிரி, ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் திட்டம் போட்டேன். ஒட்டுகிறவரிடம் எப்படி ஒட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் வரவில்லை. முதல் சம்பளத்தைப் பாளையங்கோட்டை சர்ச்சில் காணிக்கைப் பையில் போட்டவள்தானே நானும்.

அதை எடுத்து டிரம்மில் ஒட்டவும் முடியாது. உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும் ரகம். அப்படித்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியதும் நான்தான்.

ஜி.எம். யோசனை: "சாமி படத்தையும் ட்ராலில ஏத்தி கேட்டத் தாண்ட உட்ருங்க. நாப்பது ஆயிருமில்லீங்க?"

ஆகும். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் டிரம்மில் இல்லாத லேபிளை இருப்பதாகக் காட்டுவதா? மல்லேஷின் கை வெந்ததும் இப்படி ஒரு பொய்யால்தான். முடியாது சார் என்றேன்.

ஒன்றாம் எண்ணை ரத்து செய்தேன். மெஷின் காரணம் கேட்டது. கிழிந்தது, மை பரவியது, தொலைந்தது, மற்றவை. "மற்றவை"யைத் தொட்டு எழுதினேன்: முதல் லேபிள் அம்மனுக்கு. கடைசி டிரம்முக்கு நாற்பத்தொன்று.

ஜூலை 11, வெள்ளி

காலையில் டிபனுக்கு நேரமில்லை. இரண்டு டம்ளர் மோர்.

நாற்பதும் பதிவாகின. பச்சை விளக்கு.

முதலாளி ரிப்போர்ட்டில் அம்மன் வரியில் நின்றார். "தொலைந்தது" என்று போட்டிருக்கலாமே என்றார். தொலையவில்லை சார், இருக்கும் இடம் தெரியும் என்றேன். சிரித்தாரா என்று தெரியவில்லை. மல்லேஷைக் கூப்பிட்டு ஒரு டிரம்மைக் காட்டினார். மல்லேஷ் போனை நீட்டினார். யாதம்மா குரல்:

"ஆசிட் உந்தி. க்ளவ்ஸ் வேஸ்கோ."

ஆசிட் இருக்கிறது, க்ளவ்ஸ் போட்டுக்கொள். மல்லேஷ் போனைப் பார்த்து "ஹவ், ஹவ்" என்று ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு க்ளவ்ஸ் எடுக்கப் போனார். தழும்புக்கு மேல் க்ளவ்ஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்டிலிருந்து ஆலை முழுக்க.

ஜூலை 14, திங்கள்

மறுபடி தூறல். புது ரெயின்கோட்!

சாஃப்ட்வேர் ஆளிடம் மன்னிப்புக் கேட்டேன். கூடவே ஓர் உதவியும். இனி ரோலுக்கு ஒரு லேபிள் கூடுதல், எண் பூஜ்யம், கணக்கில் சேராது.

யாதம்மா முதல் பூஜ்யத்தை அம்மன் படத்தில் ஒட்டிப் பொட்டு வைத்தார். மல்லேஷ் சும்மா இருக்காமல் போனைக் காட்டினார்.

"இந்துலோ ஏமி லேது."

இதில் ஒன்றுமில்லை. காலி டிரம்முக்கென்று யாதம்மாவே பேசி வைத்தது, பூஜ்யத்துக்கும் அதுவே வந்துவிட்டது. எனக்கு வேர்த்துவிட்டது. யாதம்மா போனை வாங்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார், மெதுவாக ஏதோ பேசிப் பதிவு செய்தார், திருப்பிக் கொடுத்தார். மல்லேஷ் மறுபடி காட்டினார்.

"அம்ம உந்தி. க்ளவ்ஸ் வேஸ்கோ."