நூற்றுப் பதினேழாம் சாவடி

மார்ச் 4, திங்கள்

அதிகாரி கூப்பிட்டு ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டார். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியை இரண்டாக வெட்டி, அக்கம்பக்கத்துத் தொகுதிகளோடு சேர்க்கப் போகிறார்களாம். அடுத்த தேர்தலில் அந்தப் பெயரே இருக்காது. அதற்குள் முதல் தேர்தலிலிருந்து யார் நின்றார்கள், யார் ஜெயித்தார்கள், எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டுமாம்.

"பதிவறையில இருபத்தாறு வருஷமா இருக்கீங்க. உங்களை விட்டா யாரும்மா?" என்றார். சாகப்போகிற ஒன்றுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிற வேலை. சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 5

தூசி, தும்மல். பாதிக் கட்டுகளைக் கரையான் எனக்கு முன்பே படித்து முடித்திருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

நான்கு தேர்தல்கள் முடிந்தன. முதல் எம்.பி. ஒரு பெரிய நிலக்காரர். எதிர்த்து நிற்க ஆள் இல்லை. மனு கொடுக்க ஒரு தடவை வந்தார், சான்றிதழ் வாங்க ஒரு தடவை வந்தார், அவ்வளவுதான். அடுத்த முறை அவரைத் தோற்கடித்தவர் ஒரு டாக்டர். ஐந்து வருடத்தில் சபையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். காலை ரயில் ஏன் தாமதமாக வருகிறது என்று. அதற்கும் பதில் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. மூன்றாவதாக ஜெயித்தவர் பதவிப் பிரமாணத்துக்குப் போகிற வழியிலேயே மாரடைப்பில் போய்விட, இடைத்தேர்தல்.

வெள்ளம் வந்த வருடம் ஆற்றோரச் சாவடி ஒன்றில் நாள் முழுக்க ஒரே ஒரு வாக்கு. யார் அந்த மகராசன்? எப்படித்தான் ஆற்றைத் தாண்டி வந்தானோ? தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பியூன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, எதுவும் பிடிச்சுக்கிச்சா?" என்றான்.

சிரிப்பு நிலைக்கவில்லை. எல்லாத் தேர்தல் நோட்டீசிலும் ஆற்றுப் பாலம் இருக்கிறது. ஆற்றில்தான் இல்லை. மூன்று தலைமுறை வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. எதற்காக?

மார்ச் 10, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. வருகிற வாரம் எட்டாவது தேர்தல் வரை எடுத்துவிடுவேன் என்று வாய் தவறி அத்தானிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவ எழுந்து போய்விட்டார். அக்கா என்னை முறைத்தாள்.

அவர் நின்ற தேர்தல் அது. நல்ல கணக்கு வாத்தியார். வேலையை விட்டுவிட்டு, எந்தக் கட்சியும் இல்லாமல் நின்றார். 187 வாக்கில் தோற்றார். லட்சக்கணக்கில் வாக்குகள் விழுகிற தொகுதியில் 187! ஆனால் அவரைத் தின்றது அந்த எண் இல்லை. நானும் அப்போது குடியிருந்த எங்கள் சொந்தத் தெருச் சாவடியில் அவருக்கு விழுந்தது 138. எதிரிக்கு 412. அன்று கதவைச் சாத்தியவர்தான். இருபத்திரண்டு வருடமாகத் தெருவில் ஒருத்தரோடும் பேச்சில்லை. எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை. அக்காவையும் போகவிடவில்லை.

எல்லோரையும்விட அதே தெருத் தையல்காரர் ஒருவர் மேல்தான் கோபம். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். வாக்கு எண்ணும் மேசையில் அத்தானின் ஏஜெண்ட் அவர்தான். "நம்ம தெருவுல நானூறுக்கு மேல உனக்குத்தான்டா, என் கண்ணால பார்த்தேன்" என்று கத்தினார். அத்தான் அவரை விலைபோனவன் என்று சொல்லி விரட்டினார். தையல்காரர் போன வருடத்துக்கு முந்தின வருடம் செத்துப்போனார். அத்தான் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

எட்டாவது தேர்தல் கட்டைப் பிரித்தேன்.

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதாவிட்டால் மட்டும் இல்லை என்று ஆகிவிடுமா?

வாக்கு எண்ணும் மேசைகளிலிருந்து ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு சீட்டு வரும். அதைப் பார்த்துப் பெரிய தாளில் ஏற்றுவதற்கு ஒரு குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா நான்தான். வேட்பாளர் என் அக்கா புருஷன் என்று அன்றைய அதிகாரியிடம் சொல்லவும் செய்தேன். "ஆள் இல்லைம்மா, பார்த்து நடந்துக்கோங்க" என்றார். நான் ரொம்பவே பார்த்து நடந்துகொண்டேன். சொந்தக்காரனுக்குச் சாதகம் செய்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சாவடிக்கும் முதலில் எதிரியின் எண்ணை எழுதி, அப்புறம்தான் அத்தானின் எண்ணை எழுதினேன். சீட்டில் அத்தான் பெயர் மேலே, எதிரி பெயர் கீழே. நான் கீழிருந்து மேலே போனேன். இரண்டு நாள் அப்படியே.

நூற்றுப் பதினேழாம் சாவடியில் மட்டும் சீட்டை மேலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு இல்லையா? கண் முதலில் அத்தான் எண்ணுக்குத்தான் போயிருக்கும். கை பழக்கப்படி எதிரியின் கட்டத்துக்குப் போயிருக்கிறது.

சீட்டில் அத்தானுக்கு 412. எதிரிக்கு 138. பெரிய தாளில் தலைகீழாக இருக்கிறது. அழகான, குண்டு குண்டான என் கையெழுத்து.

சாவடியின் மொத்தமும் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்றுதான் சரிபார்ப்பார்கள். இரண்டு எண்கள் இடம் மாறினால் கூட்டல் மாறாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 15

காய்ச்சல் என்று சொல்லி லீவு. காய்ச்சல் இல்லை.

மார்ச் 18, திங்கள்

அத்தான் 361 வாக்கில் ஜெயித்திருக்கிறார். ஆறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இரண்டு தாள்களையும் அதிகாரியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். "அறிவிச்சது அறிவிச்சதுதான்மா. கேஸ் போட நாப்பத்தஞ்சு நாள் டைம். நீங்க இருபத்திரண்டு வருஷம் லேட்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பென்ஷனுக்கு எத்தனை வருஷம் இருக்கு? பேசாம இருங்க. அவருக்கும் வயசாயிடுச்சு. எதுக்குப் போட்டுக் கிளறணும்?" என்றார்.

கெட்டவர் இல்லை. எனக்கு இதமாக இருந்ததுதான் கேவலம்.

மார்ச் 21

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அன்றைக்குத் தையல்காரர் கத்திவிட்டுப் போன பிறகு அத்தான் நேராக என்னிடம்தான் வந்தார். "நீ சொல்லு. அவன் சொல்றது நிஜமா?" என்று கேட்டார். கேஸ் போட இன்னும் நாள் இருந்தது. நான் என்ன சொன்னேன்? "என் கையால எழுதினது அத்தான். தப்பா இருக்க வழியே இல்ல." சீட்டை எடுத்து ஒருமுறை பார்த்தேனா? பார்க்கலையே! பார்த்தா என் நேர்மைக்குக் கொறைச்சல்னு நினைச்சேன் போல. பெரிய நேர்மை! ஒரு மனுஷன் வாழ்க்கை, ஒரு தெரு, ஒரு சிநேகிதம், எல்லாத்தையும் மண்ணாக்கிட்டு, சிறந்த ஊழியர்னு சான்றிதழ் வேற வாங்கிச் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். தூ.

யாரிடம் சொல்லி அழுவது? அழுவதற்கும் எனக்கு என்ன யோக்கியதை?

மார்ச் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாள்களின் நகலையும் எதிரே வைத்தேன். வாத்தியார் அல்லவா, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல் 412-இல் நின்றது. பக்கத்துத் தாளுக்குப் போனது. திரும்பி வந்தது. முன்னூற்று அறுபத்தொன்று என்று சொல்வார், கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். எம்.பி. பதவியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"நம்ம தெரு போட்டிருக்கு" என்றார்.

"ஆமா அத்தான்."

"எண்ணுற மேசையிலேர்ந்து அவன் நம்பரைக் கையில எழுதிட்டு வந்து காட்டினான். நானூத்திப் பன்னெண்டு. முழங்கை வரைக்கும் நீட்டிக் காட்டினான். ரெண்டு நாள் கழுவாம வச்சிருந்தானாம்." இரண்டு தாள்களையும் என் பக்கம் தள்ளினார். "நான் உன்னைத்தானே கேட்டேன்?"

"ஆமா."

"உன்னைத்தானே நம்பினேன்?"

அத்தான் எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அக்கா அடுப்படியிலேயே நின்றாள். எல்லாம் கேட்டிருக்கும்.

மார்ச் 25

அதிகாரியிடம் சொன்னேன், வீட்டில் சொல்லிவிட்டேன் என்று. "பாவம்மா நீங்க" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கு முழுக்கக் குத்திக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். அத்தான் நேற்று தையல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. தையல்காரர் மனைவி கதவைத் திறந்திருக்கிறார். இவர் வாசலிலேயே நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், "நானூத்திப் பன்னெண்டு" என்றாராம்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். உள்ள வாங்க" என்றாராம் அந்த அம்மா.

உட்காரவைத்து அவரே சொன்னாராம். தையல்காரர் கடைசிவரை எண்ணுகிற மேசையைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தாராம். தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டதோ என்று. டாக்டரிடம் போய்க் கண்ணைக்கூடச் சோதித்துக்கொண்டாராம்.



ஏப்ரல் 11

புத்தகத்தில் எட்டாவது தேர்தல் பக்கத்தின் கீழே மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தேன். என்ன நடந்தது, யார் செய்த தவறு என்று. அதிகாரி சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் "தேவையில்லை" என்று எழுதியிருந்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. முப்பத்தாறு பக்கம். வித்தியாசம் 187 என்றே அச்சாகியிருக்கிறது. தொகுத்தவர் என்று என் பெயர்.

அக்கா இன்று வந்தாள். அத்தான் இப்போது தெருவில் எல்லோரோடும் பேசுகிறாராம். காலையில் எதிர்வீட்டில் காப்பி, சாயங்காலம் தையல்காரர் மகளோடு கடையில். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு எழுதச் சொல்லித் தருகிறாராம். பத்து வயது குறைந்தாற்போல இருக்கிறார் என்றாள். கேட்கக் கேட்க எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "நான் அடுத்த ஞாயிறு சாப்பிட வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்டி" என்றாள். "உன் பேரை எடுத்தாலே எழுந்து போயிடறார்."

"உள்ள வாயேன் அக்கா. டீ போடறேன்."

"இல்ல, நேரமாச்சு" என்றாள். வாசற்படியில் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விட்டாள்.