மடிப்புக்கு உள்ளே இருந்த சிவப்பு

ஜார்ஜ்டவுன்
3 மார்ச் 2024

அன்புள்ள சுகு,

இல்லை, கருநீலம் இல்லை. பழைய படத்தில் விமானம் கறுப்பாக விழுந்திருப்பதால் விமான மாடல் மன்றத்தில் எல்லாரும் கருநீலம் என்கிறார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகிவிடும், நீலம் வெளுத்துவிடும். 1930களில் பந்தயத்தில் பறந்த நம் ஏழாம் எண் விமானம் சிவப்புதான். எந்தச் சிவப்பு? அது தெரியாமல்தான் ஆறு மாதமாக உன் மேசையில் நம் மாடல் வெறும் மரமாக நிற்கிறது.

தெரிந்துகொள்ளலாம். சுங்கை பினாங்கில் ரோஹானா அக்கா என்று ஒருவர், நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்கிறார். அவருடைய அப்பா அந்த நாளில் விமானக் கொட்டகையில் இறக்கைத் துணி தைத்தவர். ஏழாம் எண்ணிலிருந்து வெட்டி மாற்றிய பழைய துண்டு ஒன்று, உள்ளங்கை அளவு, அக்காவிடம் இருக்கிறது. குறுக்கே ஒரு மடிப்புத் தையல். வெளிப்பக்கம் பழுப்பேறிவிட்டது. மடிப்புக்கு உள்ளே வெளிச்சம் படாத நிறம் இருக்கும்.

இரவல் வாங்கிவிட்டேன். நிறத்துக்கு உன் கண்தான். மன்றத்துப் பையன் இக்மல் செபராங் ஜெயா வரும்போது கொடுத்தனுப்புகிறேன். எப்போதும்போல் அட்டையில் பூசி, தேதி போட்டு, தபாலில் அனுப்பு. கைப்பேசியில் வேண்டாம். திரைக்குத் திரை நிறம் மாறும்.

ஷர்மினி

செபராங் ஜெயா
9 மார்ச் 2024

ஷர்மி,

துணி வந்து சேர்ந்தது. இந்த வாரம் தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்ட், இப்போதுதான் உட்கார்ந்தேன். அம்மா நலம்.

வெளிப்பக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காப்பிக் கறை மாதிரி இருக்கிறது. தையலைப் பிரித்தால் தெரிந்துவிடும். அதே துளைகளில் திரும்பத் தைத்துத் தருகிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஏழாம் எண்ணை மாடலாகப் போடப்போகிறதாம். யார் நிறம் சொல்கிறார்களோ அவர்கள் பெயர் பெட்டியில் வரும். நம் இரண்டு பேர் பெயரையும் நினைத்துப் பார்.

சரி என்று ஒரு வரி எழுது.

சுகு

ஜார்ஜ்டவுன்
14 மார்ச் 2024

அன்புள்ள சுகு,

பிரிக்காதே.

முன்பே சொல்லியிருக்க வேண்டும். துணியைத் தரும்போது ரோஹானா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கலரு ஒனக்கு, பாத்துக்க. தையலு எங்க அத்தா கையி. அத மட்டும் தொட்றாத லா." வீட்டில் அந்த அத்தாவின் படம்கூட இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது, அதனால் கையெழுத்தும் இல்லை. இருப்பது அந்தப் பதினோரு தையல்தான்.

துணி என்னிடம் இருப்பதாகத்தான் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறார். நோன்புப் பெருநாளுக்கு முன் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நிறம் தெரியாவிட்டால் போகட்டும்.

ஷர்மினி

செபராங் ஜெயா
2 ஏப்ரல் 2024

ஷர்மி,

தொடவில்லை. சத்தியம். அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, குத்துமதிப்பாக ஒன்று கலந்தேன். அட்டை இதனுடன். செங்கல்லும் இல்லை, மிளகாயும் இல்லை. வெட்டிய பப்பாளியின் உள்நிறம். எப்படி?

துணியைப் பெருநாளுக்குள் நானே கொண்டுவருகிறேன்.

சுகு

ஜார்ஜ்டவுன்
20 ஜூன் 2024

சுகுமாரன்,

நேற்று குவீன் ஸ்திரீட்டில் இக்மல் ஓடிவந்தான். "அக்கா, சுகு அண்ணே கலக்கிட்டாரு லா! பாக்கலியா?" கைப்பேசியை நீட்டினான்.

அந்த மாடல் நிறுவனத்தின் இணையப் பக்கம். நம் துணி, மீனைப் பிளந்ததுபோல் விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோல். அறுந்த நூல் துணுக்குகளைக்கூட ஓரமாக ஒதுக்கவில்லை. கீழே: நிற ஆய்வு, சுகுமாரன், பினாங்கு.

"ஒங்க பேரு கீழ இருக்கும்னு உருட்டி உருட்டிப் பாத்தேன்கா," என்றான். பிறகு அவனுக்கே சங்கடமாகி, தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்தப் படத்தில் துணியோடு வைத்திருந்த அட்டையில் உன் கையெழுத்தில் தேதி. 17 மார்ச். என் கடிதம் கிடைத்த அன்றோ மறுநாளோ. அதன் பிறகுதான் சத்தியம் செய்தாய்.

பெருநாள் போய்விட்டது. இரண்டு முறை அக்காவிடம் "இன்னும் கொஞ்ச நாள்" என்றேன். இரண்டு முறையும் அவர் சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பப்பாளி நிறம் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் கிடைக்கிற நிறம் இல்லை. அது எனக்கு அன்றே தெரியும். அட்டையைச் சுவரில் சாய்த்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

துணியை அனுப்பு.

ஷர்மினி

செபராங் ஜெயா
25 ஜூன் 2024

ஷர்மி,

கோபம் நியாயம்தான். ஆனால் நிறம் சரியா இல்லையா, அதைச் சொல். இத்தனை வருடம் எல்லாரும் தப்பாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். மடிப்புக்கு உள்ளே இருக்கும் என்று எனக்குச் சொன்னதே நீதான்.

ஒரு பெயர்தான் போடுவோம் என்றார்கள். அடுத்த பதிப்பில் உன்னுடையதையும் கேட்கிறேன்.

திரும்பத் தைத்துவிட்டேன். அதே துளைகள், அதே பதினோரு தையல். அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது. நாம் சொல்லவும் வேண்டாம். பத்து வருடப் பழக்கம், ஒரு துண்டுத் துணிக்காகவா?

சுகு

ஜார்ஜ்டவுன்
30 ஜூன் 2024

சுகுமாரனுக்கு,

துணி வந்தது. நன்றாகத் தைத்திருக்கிறாய். புது நூல், மினுங்குகிறது.

நேற்று சுங்கை பினாங் போனேன். பஸ்ஸில் போகும்போது சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. அக்கா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் அதைப் போடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

பெருவிரலால் தையலை ஒருமுறை தடவினார். "இது யாரு தச்சது?"

"என் சிநேகிதன்."

"அவன யாருன்னே எனக்குத் தெரியாதேமா. நான் ஒன்னத்தானே நம்பிக் குடுத்தேன்."

உன்மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே அது எதற்கும் உதவவில்லை. அதற்காக அது தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

அந்த நிறுவனத்துக்கு நிறம் தப்பு என்று எழுத நினைத்தேன். ஒரு வரி போதும், அச்சை நிறுத்தியிருப்பார்கள். கை வரவில்லை. நிறம் சரி என்றே எழுதினேன். அது யாருடைய துணி, எப்படிப் பிரிக்கப்பட்டது, யார் வேண்டாம் என்றது, எல்லாம் எழுதினேன். முதலில் தைத்தவர் அக்காவின் அப்பா முகம்மது சுல்தான் என்றும் எழுதினேன். என் பெயர் வேண்டாம் என்றேன். உன் பெயரை என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

இனி எனக்கு எழுதாதே. நான் பிரிக்க மாட்டேன்.

அக்கா என்னைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், அவர் தட்டில் கொட்டி வைத்திருந்த நெத்திலிக்கு மதியம் வரை தலை கிள்ளினேன்.

ஷர்மினி