அரை அரிசி அளவு சதை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். வீட்டிலிருந்து போன் பேசினால் உன் அண்ணன் காதில் விழும். மெசேஜ் அனுப்பினால் உன் பதிலை அவர்தான் முதலில் படிப்பார். என் போன் இப்போது பாதி நேரம் அவர் கையில்தான். நான் வேலை செய்கிற லேப் போனிலிருந்து கூப்பிடலாம்தான். இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். "சொல்லுங்க அண்ணி" என்று நீ கேட்டால் எனக்கு ஒன்றும் வராது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனுக்குத் தொண்டையில் கேன்சர். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. அதன்பிறகு கருவி வைத்துப் பேசப் பழகலாம் என்கிறார்கள், ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது. அதற்கு முன்னால் நீ வர வேண்டும்.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறார், வெளியே போயிருக்கிறார் என்று நான் சொன்னது பொய். எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், கையை ஆட்டி வேண்டாம் என்பார். போன வாரம் "அண்ணனுக்கு எம்மேல என்ன கோவம், சொல்லுங்க அண்ணி" என்று நீ கேட்டபோது ஸ்பீக்கர் போட்டிருந்தது. அவர் எழுந்து போய்க் காய்ந்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் துணி மடித்து நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? கோபம் எல்லாம் இல்லை. குரல் கரகரத்துக் காற்று மாதிரி வருகிறது, அதை நீ கேட்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். "லீவுல வருவான்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்கிறார். உன் லீவுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

போன மாதம் வரை டிரைவிங் ஸ்கூல் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கத்த முடியாததால் டாஷ்போர்டில் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஒரு தட்டு கிளட்ச், இரண்டு தட்டு பிரேக். புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா இரண்டு தட்டைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்டு நேராகக் காம்பவுண்டு சுவரைப் பார்க்க வண்டியை விட்டாராம். அன்றோடு முதலாளி, "மாஸ்டர், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டார். அதை எனக்கு எழுதிக் காட்டி அவரே சிரித்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

பெரியவள் பரீட்சைக்குப் படிக்கிறாள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தெரியும், அதற்கு மேல் கேட்கவில்லை. சின்னவள் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேச வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறாள். வீடு நூலகம் மாதிரி ஆகிவிட்டது.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. நீ படித்துவிட்டு இந்தத் தாளைக் கிழித்துப்போடு.

என் வேலை என்னவென்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். நோயாளியிடமிருந்து கிள்ளி எடுத்த சதை எங்களிடம் சின்ன பாட்டிலில் வரும். அதை மெழுகில் பதித்துக் கட்டையாக்கி, மெஷினில் மிக மெல்லிய ஏடாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவோம். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவார். வீட்டு ஆள் சாம்பிள் வந்தால் சொந்தக்காரர் தொடக் கூடாது, பக்கத்து டேபிளுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். உன் அண்ணனுடையது வந்தபோது நான் தள்ளவில்லை. பத்தொன்பது வருடமாக ஊரார் சதையை வெட்டியவள், என் வீட்டுக்காரருடையதை இன்னொருத்தி கையில் கொடுப்பேனா என்று இருந்தது. திமிர்தான்.

சாயம் போட்டதும் நானே பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் கண்ணுக்குப் பழக்கம். கேன்சரிலும் தரம் பிரிப்பார்கள். முதல் தரத்தில் செல்கள் பிறந்த இடத்தின் சாயலைக் கொஞ்சம் வைத்திருக்கும், தொண்டைத் தோல் என்று அடையாளம் சொல்லலாம். மூன்றாம் தரம்தான் மோசம், அதில் அந்தச் சாயலே இருக்காது. இது மூன்று.

நான் நம்பவில்லை. மேலே இப்படி இருந்தாலும் ஆழத்தில் வேறு மாதிரி இருக்கலாம் என்று மறுபடி சீவினேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. மொத்தச் சதையே அரை அரிசி அளவுதான் தம்பி. சாயல் இல்லாத கேன்சர் என்றால் அது எந்த வகை என்று உறுதி செய்ய வேறு சோதனை ஒன்று போட வேண்டும், அதற்குக் கட்டையில் சதை வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. மறுநாள் டாக்டரம்மா கட்டையைக் கேட்டார். அதில் வெறும் மெழுகுதான் இருந்தது. கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திசு போதவில்லை, மறுபடி எடுக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் உன் அண்ணனுக்கு மறுபடி மயக்கம் கொடுத்து, மறுபடி தொண்டைக்குள் கிள்ளினார்கள். பதினாறு நாள் வீணாகப் போனது. நான்கு நாள் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம், "ஒங்க லேப்ல எவனோ சொதப்பிட்டானாமே, நீ பாத்து ரெண்டு வார்த்த கேக்கக் கூடாதா" என்றார். கேட்கிறேன் என்றேன். போய் அவருக்குக் கஞ்சி ஆற்றினேன்.

இரண்டாவது முறை பக்கத்து டேபிள்காரிதான் வெட்டினாள். அதிலும் மூன்றுதான்.

எவ்வளவு காலம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தரத்த மட்டும் வெச்சு ஆயுச சொல்ல முடியாதும்மா. எவ்வளவு தூரம் பரவியிருக்கு, கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு எல்லாம் பாக்கணும்" என்றார். நெறி இருக்கிறது, ஒரு பக்கம். அதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பழைய கட்டைகள் இருக்கும் அறைக்குப் போய்த் தேடினேன். தொண்டை, மூன்றாம் தரம், ஒன்பது வருடத்தில் பதினோரு பேர். நோய் திரும்பி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கட்டையைக் கேட்பார்கள். மூன்று பேருடையதைக் கேட்டிருக்கிறார்கள். மற்ற எட்டும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நன்றாக இருக்கிறவர்களுடையதையும் கேட்கமாட்டார்கள், இல்லாமல் போனவர்களுடையதையும் கேட்கமாட்டார்கள். அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது என்று அங்கே நின்ற பிறகுதான் புரிந்தது. அந்த எட்டில் ஒருவரை மட்டும் எனக்குத் தெரியும், தபால்காரர், கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ஏழு வருடமாகச் சைக்கிள் மிதிக்கிறார். வழியில் பார்த்தால் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை தம்பி. வேலைக்கு வருகிறேன், வெட்டுகிறேன், சாப்பிடுகிறேன்.

அவர் பேச வாயெடுத்தாலே "பேசாதீங்க, தொண்டைக்கு ஆகாது" என்று நான் அடக்கிவிடுகிறேன். தொண்டைக்காக மட்டும் இல்லை. அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ, என் முகத்தில் பார்த்துவிடுவாரோ என்ற பயம். இருக்கிற பதிமூன்று நாளையும் நானே வாயடைத்துத் தீர்த்துவிடுவேன் போலிருக்கிறது. நீ வந்தால் பேசுவார். உன்னைத் திட்டவாவது திட்டுவார். சொல்லாமல் வந்ததற்கு, இளைத்துப் போனதற்கு, நீ கார் ஓட்டுகிற லட்சணத்துக்கு. திட்டட்டும். நடுவில் நிறுத்தாமல் கேட்டுக்கொள்.

கூரியரில் அனுப்புகிறேன், மூன்று நாளில் வந்துவிடும் என்றார்கள். உன் கம்பெனியில் நடுவில் விடமாட்டார்கள், வீட்டில் சாவு என்றால்தான் லீவு என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படி ஒன்று சொன்னால்தான் அனுப்புவார்கள் என்றால், என்னைச் சொல். அண்ணி போய்விட்டாள் என்று எழுதிக் கொடு, எனக்கு ஒரு குறையும் வராது. அவரை மட்டும் சொல்லிவிடாதே. எழுதிக் கொடுக்கிற காகிதத்தில்கூட வேண்டாம்.

நீங்கள் மூவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி