மரித்தோர் பதிவேட்டில் என் கையெழுத்து

செப். 7, செவ்வாய்

கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. கோயில் முற்றம் முழுக்க மணல். நாளை மாதா பிறந்த திருநாள். பித்தளை மெழுகுதிரித் தண்டு ஆறையும் புளி போட்டுத் தேய்த்தேன். நகக்கண் எரிகிறது.

பதினொரு மணிக்குப் பதிவுத் தபால். ஜூலையில் தகவல் உரிமைச் சட்டத்தில் தகவல் கேட்டுப் போட்ட மனுவுக்குப் பதில். ஈரக் கையோடு பிரித்தேன்.

கே. 1: மே மாதம் எங்கள் ஊரில் கொரோனாவில் இறந்தவர் எத்தனை பேர்? "இல்லை."
கே. 2: அந்த மாதம் சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை இருந்தது? "விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை."
கே. 3: எங்கள் ஊரிலிருந்து ஆம்புலன்சுக்கு எத்தனை அழைப்பு போனது, எத்தனைக்கு வண்டி வந்தது? "பிற துறை சார்ந்தது."

அடியில் பச்சை மையில் கையெழுத்து, அழகாகத்தான் இருக்கிறது.

இல்லையாம். இருபத்தாறு வருஷமாக இந்தக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை நான். ஞானஸ்நானமோ கல்யாணமோ சாவோ, மணி அடிப்பதும் பதிவேட்டில் எழுதுவதும் நான். மே மாதம் மட்டும் பதினோரு தடவை துக்க மணி அடித்தேன். ஒன்பதாவது பிலோமினாளுக்கு. சொந்தப் பெண்டாட்டிக்கு என் கையாலேயே அடித்தேன். என்னிடம் இல்லை என்கிறார்கள்.

மதியம் சாப்பிடவில்லை. பூசை உடுப்பு வைக்கும் சாக்ரீஸ்து அறை பல்பு மறுபடி போய்விட்டது.

செப். 8, புதன்

திருநாள் பூசை. எல்லார் வாயிலும் துணி, பாட்டு பாதிதான் கேட்டது. பி. இருந்திருந்தால் துணிக்கு மேலேயும் கேட்டிருக்கும். சுருதி ஒரு நாளும் சேராது அவளுக்கு, ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டாள். மாதா சுரூபத்துக்கு மாலை போடும்போது கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் பூ.

பூசை முடிந்து ரோசம்மாள் வந்தாள். அவள் புருஷன் சூசை மே 11-இல் போனவன், என் கூட்டாளி.

"பதிலு வந்துட்டா கோயில்பிள்ள?"

"வந்திருக்கு. ஒம் புருஷன் சாகவே இல்லையாம்ளா."

சிரித்தாள். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

செப். 11, சனி

மேல்முறையீடு எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். பதினோரு பேரையும் வரிசையாக, வயதோடு, இறந்த நேரத்தோடு. மூத்தவர் 81. இளையவன் 34, இரண்டு பிள்ளை. பிலோமினாள், 57.

கடைசியில் எழுதினேன்: "நாங்கள் கேட்பது நிவாரணம் அல்ல. எங்கள் ஜனங்கள் எதில் செத்தார்கள், அன்று வண்டி ஏன் வரவில்லை என்று அரசாங்கம் தன் வாயால் சொல்ல வேண்டும்." கொஞ்சம் கடுமைதான். இருக்கட்டும்.

தபால் ஆபீஸ் போய் வரும் வழியில் முழங்கால் வலி. சாளை மீன் கிடைத்தது. ஒருத்தனுக்கு ஐந்து மீன் அதிகம்.

அக். 5, செவ்வாய்

மழை மூட்டம், மழை இல்லை. விசாரணைக்குப் பத்து மணி பஸ்ஸில் தூத்துக்குடி. வெள்ளை வேட்டி, பி. தேய்த்து மடித்து வைத்திருந்த கடைசி வேட்டி. பிரிக்கவே மனசில்லை, வேறு இல்லை.

அதிகாரி ஒரு பெண். நாற்பது இருக்கும். தூக்கம் இல்லாத கண். மரியாதையாக உட்காரச் சொன்னார். எரிந்து விழுந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதினோரு பேரையும் வாசித்தார். பிறகு ஃபைலிலிருந்து நாலு ஜெராக்ஸ் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஐயா, இது உங்க கோயில் பதிவேடுதானே?"

"ஆமா மேடம்."

"இது யாரோட கையெழுத்து?"

என் கையெழுத்து. மே 11, சூசை, காரணம்: வயிற்றுப்போக்கு. மே 14, காரணம்: வயோதிகம். மே 16, முப்பத்துநாலு வயசுக்காரனுக்கு: நெஞ்சுவலி. மே 23, பிலோமினாள், காரணம்: மாரடைப்பு. பதினொன்றில் ஒன்றில்கூட அந்த வார்த்தை இல்லை.

ஜூனில் கிராம நிர்வாக அலுவலர் வந்து, இறப்புச் சான்றிதழுக்கு வேண்டும் என்று கேட்டபோது நானேதான் கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

"சும்மா இல்லைன்னு சொல்லல ஐயா. உங்க ஆவணத்த வெச்சுத்தான் சொல்லியிருக்கோம்."

"ஆம்புலன்ஸ் வரலியே மேடம், அது எந்த ஆவணத்துல இருக்கு?"

"அது வேற துறை. அங்க தனியா மனு போடுங்க."

மனு தள்ளுபடி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காவலாளி வந்து, "அண்ணாச்சி, தண்ணி வேணுமா?" என்று கேட்டான்.

அக். 6, புதன்

எழுதிவிடுகிறேன். இதை யாரும் வாசிக்கப் போவதில்லை.

மே மாதம் ஒரு வீட்டில் கொரோனா என்றால் தெருவுக்குத் தகரம் அடித்தார்கள். தகரம் அடித்தால் வள்ளம் இறங்காது. இறங்கினாலும் அந்த ஊர் மீனை எந்த வியாபாரியும் தொட மாட்டான். அது ஒன்று. அதைவிடப் பெரியது, பிரேதம். கொரோனா என்றால் வெள்ளைக் கவரில் சுற்றி அவர்களே கொண்டுபோய்விடுவார்கள். கோயிலுக்கு வராது, சாமியார் வந்து ஜெபிக்கும் மந்திரிப்பு கிடையாது, முகம் பார்க்க முடியாது. ஊருக்குப் பொதுவாகக் கோயிலில் இருக்கும் தூம்பாப் பெட்டியில் ஏறித்தான் எங்கள் அப்பன் பாட்டன் எல்லாரும் கல்லறைக்குப் போனார்கள். அதில் ஏறாமல் போவது எங்கள் ஆட்களுக்குச் சாவைவிடப் பெரிய பயம்.

எங்கள் ஊரில் பதிவேட்டில் எழுதாமல் குழி வெட்டக் கூடாது. அதனால் எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். "வேற ஏதாச்சும் எழுதுங்க கோயில்பிள்ள." டெஸ்ட் எடுக்கவும் யாரும் வரவில்லை. எழுதினேன். இரக்கப்பட்டுத்தான் எழுதினேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று.

மே 23, ஞாயிறு. பி.க்கு ஐந்தாம் நாள் காய்ச்சல். காலை ஒன்பதுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்சுக்குப் போன். "வருது." பத்துக்கு. "வருது." பத்தரைக்கு எடுக்கவே இல்லை. மீன் ஏற்றும் லோடு ஆட்டோவில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். சுகாதார நிலையத்தில் சிலிண்டர் இல்லை. டவுனில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டி. "டோக்கன் வாங்கிட்டு நில்லுங்க." கட்டில் இல்லை.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கொரோனான்னு எழுதிராதீங்க. என்னைய அந்தக் கவர்ல சுத்திக் குடுத்துராதீங்க. நம்ம தூம்பாவுலதான் போணும்."

"எழுத மாட்டேன்ளா."

ஒன்றரை மணிக்குப் போய்விட்டாள். வேப்பமர நிழலில், ஆட்டோவில். சாய்த்து உட்கார வைத்து, முந்தானையால் தலையைப் போர்த்தி, உயிரோடு இருக்கிறவளைப் போல ஊருக்குக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கு எழுதினதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கு அது அவர்கள் ஃபைலில் உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அக். 8, வெள்ளி

பங்குச் சாமியிடம் எல்லாம் சொன்னேன். வயசில் சின்னவர், வெளியூர்க்காரர். திட்டவில்லை. அலமாரிச் சாவியை எடுத்துப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுல அடிக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. ஓரத்துல குறிப்பு எழுதலாம். ஆனா குடும்பத்துல ஒருத்தர் எழுதிக் கேக்கணும். பதிவு எழுதினவரே கேக்க முடியாது."

"அப்ப பிலோமினாளுக்கு?"

"உங்க மகதான் கேக்கணும்."

அமலி. மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் நான் சொன்னது: மாரடைப்பு, விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள், கஷ்டப்படவில்லை. ஊரடங்கில் அவளால் வர முடியவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். "கொரோனாவாப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். "அதெல்லாம் இல்ல" என்றேன்.

அக். 10, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பத்து வீடும் ஏறி இறங்கினேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மூன்றில் யோசிக்கணும். ரோசம்மாள் வீடு தவிர மற்ற வீடுகளில் கதவை முழுசாகத் திறக்கவே இல்லை. "இப்பத்தான் வள்ளம் ஒழுங்காப் போவுது, திரும்பத் தகரத்தக் கொண்டாராதீரும்."

ரோசம்மாள் உட்கார வைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறாளாம். வேண்டாம் என்றாள். பிறகு, "அன்னைக்கு நீங்க எழுதுனது எங்களுக்காவ. இப்ப மாத்தணும்னு சொல்லுதது உங்களுக்காவ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அப்படியா? இருக்கலாம். ஆனால் அடுத்த தடவையும் அந்தச் சுகாதார நிலையத்தில் சிலிண்டர் இருக்காதே. இந்த ஊரில் யாருமே சாகவில்லை என்றால் இங்கே எதற்கு சிலிண்டர் என்பார்கள். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.

அக். 12, செவ்வாய்

அமலிக்குப் போன். நாலு தடவை நம்பர் போட்டு நாலு தடவையும் வைத்தேன். ஐந்தாவதில் அவளே எடுத்துவிட்டாள்.

"அம்மா பேருல ஒரு கையெழுத்து வேணும் பிள்ள. வந்துட்டுப் போ."

"என்ன கையெழுத்து?"

"வா, சொல்லுதேன்."

அக். 16, சனி

காலையில் தூறல். அமலி பத்தரை பஸ்ஸில் வந்தாள். இளைத்திருக்கிறாள். பிள்ளைகளைக் கூட்டி வரவில்லை. குசினிக்குள் போய் அவள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு வந்தாள்.

கோயிலில் சாமி முன்னால் சொல்ல நினைத்திருந்தேன். வீட்டிலேயே சொல்லிவிட்டேன். பாதியில் நிறுத்தியிருப்பேன், அவள் விடவில்லை. அழவும் இல்லை. வார்டில் நோயாளி வீட்டாரிடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஆக்சிஜன் அளவு பாத்தீங்களா?"

"கருவி இல்ல பிள்ள."

"நகம் நீலமாச்சா?"

"ஆச்சு."

"எவ்வளவு நேரம் மூச்சுக்குக் கஷ்டப்பட்டா?"

"ஒம்பதுலருந்து ஒன்றர வரைக்கும்."

"காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது?"

"பத்தொம்பது. நீ வார்டுல நிக்க, கேட்டா போட்டது போட்டபடி ஓடி வந்துருவ, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும்னு அம்மாதான் சொல்லவேண்டாம்னா."

"அம்மா சொன்னா. நீங்க ஏம்ப்பா கேட்டீங்க?"

பிறகு சொன்னாள்: "எங்க வார்டுல இருவதாந் தேதி ரெண்டு கட்டில் காலியாக் கெடந்துச்சு. நாந்தான் விரிப்பு மாத்துனேன்."

அதற்குமேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

அக். 17, ஞாயிறு

பூசை முடிந்ததும் அமலி சாமியிடம் எழுதிக் கொடுத்தாள். சாமி சொல்லச் சொல்ல ஓரத்தில் எழுதினேன்: "மேற்படி பிலோமினாள், ஐந்து நாள் காய்ச்சலிலும் மூச்சுத்திணறலிலும், கொரோனா என்று நம்பப்படும் நோயால், ஆஸ்பத்திரி வாசலில் இடம் கிடைக்காமல் இறந்தார். முன்பு எழுதிய காரணம் தவறு." கல்லறையில் போய் பி.யிடம் சொன்னேன், வாக்கு மாறிவிட்டேன் என்று. அமலி என்னோடு வரவில்லை. நான் திரும்பியபிறகு தனியாகப் போய் வந்தாள்.

சம்மதித்த இரண்டு வீட்டாரும் வந்தார்கள். ஆக மூன்று.

அக். 18, திங்கள்

நல்ல வெயில். சென்னைத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு எழுதி முடித்தேன். மூன்று ஓரக்குறிப்பின் நகல் இணைத்தேன். சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி வாசல், யார் யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு, எல்லாம்.

அமலி பஸ்ஸுக்குப் புறப்படுமுன் வாங்கி நின்றபடியே முழுக்க வாசித்தாள். என் பேனாவை எடுத்துக் கடைசித் தாளின் அடியில் எழுதினாள். எழுதிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

எழுதியிருந்தது: "என் தாயாரின் நோயையும் சாவையும் மறைத்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அவரையும் விசாரிக்க வேண்டும்."

கீழே கையெழுத்து, பெயர், நர்ஸ் என்று உத்தியோகம்.

அந்தத் தாளை மட்டும் மாற்றி எழுத அரை மணி நேரம் போதும். வெள்ளைத் தாளும் இருந்தது. அவள் எழுதின வரியோடு நாலாக மடித்து, அப்படியே உறையில் வைத்து ஒட்டி, மூன்று மணித் தபாலில் சேர்த்துவிட்டேன்.